பாரம் இறங்கிய விறகு

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் தாங்கள் செய்த வேலையைப் பற்றி எழுதித் தரவேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர் ஹோட்டல் சமையலறையைப் பற்றி எழுதிவிட்டாராம். இன்னொருவர் தையல் தொழிற்சாலையைப் பற்றி. என்னிடம் வந்த செயலாளர், "அண்ணை, நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டார். "விறகு அடுக்கினனான்" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இருபத்துநான்கு வருடம் மொன்ட்ரியாலில் விறகு கொத்தி, அடுக்கி, காயவைத்து, வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்கி, அந்த வேலையிலேயே ஓய்வும் பெற்றவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நகரசபை விறகடுப்புகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. புகை குறைந்த புதுவகை அடுப்பை மட்டும்தான் எரிக்கலாம். பழைய அடுப்பு வைத்திருப்பவர்கள், மின்சாரம் நீண்டநேரம் நின்றுபோனால் மட்டும் மூட்டலாம். "இனி உங்கட விறகு யார்டுக்குப் பூட்டுத்தான்" என்று ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது பலர் எனக்குத் துக்கம் விசாரித்தார்கள். பூட்டு விழவில்லை. புது அடுப்புக்கு ஈர விறகு சரிவராது. அதனால் பச்சை விறகை விற்றவர்கள்தான் தொழிலை விட்டார்கள். எங்களிடம் வாங்கும் ஆட்கள் கூடினார்கள். நகரசபையின் சட்டத்துக்கு வெகுகாலம் முன்பே எங்கள் யார்டில் ஒரு சட்டம் இருந்தது. அதன் பெயர் மதாம் ஜினெத்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் நான் எங்கிருந்து வந்தேன் என்று சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் என் மாமா விறகுகாலை, அதாவது விறகுக் கடை, வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து நான் அங்கேதான் நின்றேன். வன்னியிலிருந்து லொறியில் வரும் விறகை அந்தர் அந்தராக, ஐம்பது ஐம்பது கிலோவாக, பெரிய தராசில் நிறுத்து விற்போம். வீரை விறகும் பாலை விறகும் இரும்பு. நாலு துண்டு வைத்தாலே தட்டு நிலத்துக்கு வந்துவிடும். கலியாணவீட்டுக்காரர் வந்தால் மாமா பாரமான துண்டுகளாகப் பொறுக்கிக் கொடுப்பார். அந்த வெயிலில் கொத்திப்போட்ட விறகு இரண்டு மூன்று கிழமையில் தானாகக் காய்ந்துவிடும். மாரி தொடங்கினால் தார்ப்பாய்ப் படங்கால் நிலம்வரை மூடி இறுக்கிக் கட்டிவிட்டால் போதும். பாரமான விறகுதான் நின்று எரியும், பாரமில்லாதது ஏமாற்று விறகு. இந்த ஒரு பாடத்தோடுதான் நான் கனடாவில் இறங்கினேன்.

முதல் மூன்று வருடம் ஹோட்டலில் கோப்பை கழுவினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கோப்பைகள் வந்தன, கழுவினேன்.

பிறகு மட்டக்களப்பு வடிவேலைச் சந்தித்தேன். என்னைவிட இளையவன். செயின்ட்-மிஷேலில் ஒரு விறகு யார்டில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். "அண்ணன், உங்களுக்கு விறகு வேலை தெரியுமெண்டுதானே சொன்னீங்க? வாங்களன், எங்கட முதலாளியம்மாவ ஒருக்காப் பாருங்க" என்று கூட்டிப்போனான்.

மதாம் ஜினெத் குட்டையான பெண். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஆண்கள் போடும் கட்டம்போட்ட தடித்த சட்டை, காதிடுக்கில் பென்சில், கழுத்தில் ஒரு கயிற்றில் தொங்கும் திறப்பு. அந்தத் திறப்புத்தான் யார்ட் கேற்றில் இருந்த சங்கிலிப் பூட்டுக்குச் சாவி. அவர் கையால் பூட்டுத் திறக்காமல் ஒரு துண்டு விறகு வெளியே போகாது. என்னிடம் கோடாலியைத் தந்து ஒரு மேப்பிள் குற்றியைக் காட்டினார். நான் வெடிப்பு ஓடிய பக்கத்தைப் பார்த்து ஒரே போடாகப் போட்டேன். இரண்டாகப் பிளந்தது. "திங்கட்கிழமை வா" என்றார். அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை. அந்தோனிப்பிள்ளை என்ற என் பெயரை அந்துவான் என்று சுருக்கியதும் அன்றைக்கே.

இங்கே விறகை நிறுப்பதில்லை, அடுக்கி அளப்பார்கள். பதினாறு அங்குலத் துண்டுகளை நாலடி உயரம், எட்டடி நீளத்துக்கு அடுக்கினால் அது ஒரு கொர்ட். அடுக்குவதற்கு மதாம் ஜினெத்திடம் ஒரு முறை இருந்தது, அதில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். விறகு நிலத்தில் தொடக்கூடாது, கீழே பலகைத் தட்டு இருக்கவேண்டும். ஒவ்வொரு வரிசையின் இரண்டு அந்தத்திலும் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துத் தூண் எழுப்பவேண்டும். எழுப்பாவிட்டால், வசந்தத்தில் நிலம் இளகும்போது முழு அடுக்கும் சரிந்துவிடும். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் ஒரு முழங்கை அகலம் காற்றுக்கு. மேல் வரிசையில் பட்டை வானத்தைப் பார்க்கவேண்டும். மழைக்கு உச்சியை மட்டும் மூடலாம். நான் வந்த முதல் வாரம் ஊர்ப் பழக்கத்தில் ஒரு அடுக்கை நிலம்வரை மூடிக் கட்டினேன். அவர் வந்தார், படங்கை உருவி எறிந்துவிட்டுப் போனார்.

கோபம் வந்தால் அவர் சத்தம் போடமாட்டார். வழமையைவிட மெதுவாகப் பேசுவார். அந்த மெதுவுக்குத்தான் நாங்கள் எல்லாரும் பயந்தோம்.

லொறியில் ஏற்றுமுன் எந்த அடுக்கு என்று அவரே காட்டுவார். அடுக்கின் நடுவில் கையை விட்டு இரண்டு துண்டுகளை உருவி, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒன்றோடொன்று தட்டுவார். காய்ந்த விறகு டங் என்று சத்தம் போடும். ஈர விறகு தொப் என்று விழுங்கிவிடும். பேர்ச் மரத்துக்கு ஒரு வெயில்காலம், மேப்பிளுக்கு இரண்டு வெயில்காலம் என்பது அவருடைய கணக்கு. நான் இதையெல்லாம் செய்தேனே தவிர, உள்ளுக்குள் எனக்குச் சிரிப்புத்தான். விறகைப் பார்க்க வேண்டியது கை, காது எதற்கு என்று நினைத்தேன்.

இரண்டாம் குளிர்காலம் தொடங்கும்போது மொன்ட்ரியால்-நோர் பகுதியில் மதாம் மிரெய் என்ற ஹெயிட்டிக்காரப் பெண்ணின் வீட்டுக்கு விறகு இறக்கினேன். புருசன் இறந்துபோனவர். சின்ன வீடு, அதிலேயே கார்டெரி, குழந்தைகள் காப்பகம், நடத்தினார். ஆறு குழந்தைகள் காலையில் வந்து மாலையில் போகும். அந்த வீட்டு மின்சார ஹீட்டர்கள் கடும் குளிருக்குப் போதாது. அதனால் முன்னறையில் ஒரு விறகடுப்பு, அதைச் சுற்றிக் குழந்தைகள் நெருங்காதபடி இரும்புத் தடுப்பு. விறகு இறக்கும்போது என் கையுறை கிழிந்திருப்பதை அவர் கண்டார். உள்ளே போய்த் தன் புருசனின் தோல் கையுறையைக் கொண்டுவந்து தந்தார். "அவர் இனிப் போடப்போவதில்லை" என்றார். இந்த நாட்டில் வேலை செய்யப்போன வீட்டில் எனக்கு ஒருவர் ஒரு பொருள் தந்தது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

ஒரு மாதம் கழித்து அவர் மேலும் மூன்று கொர்ட் கேட்டார். மதாம் ஜினெத் ஒரு மேப்பிள் அடுக்கைக் காட்டி, தட்டிப் பார்த்து, தலையசைத்தார். யார்ட் அலுவலகமான கந்தோரில் டெலிபோன் அடித்தது, போய்விட்டார். நான் அந்த அடுக்கில் ஒரு துண்டைத் தூக்கினேன். பாரமே இல்லை. பின்னால் இன்னொரு மேப்பிள் அடுக்கு இருந்தது, அந்த இலையுதிர்காலத்தில் பிளந்தது. நவம்பர் குளிரில் உறைந்து கல்லுமாதிரிக் கிடந்தது. தூக்கினேன். வீரை விறகு! தட்டிக்கூடப் பார்த்தேன். உறைந்த விறகும் டங் என்றுதான் சொன்னது.

"அண்ணன், அவ காட்டின அடுக்கு இதில்லையே" என்றான் வடிவேல்.

"எனக்குத் தெரியும். அந்த மனுசி எனக்குக் கையுறை தந்தது. நல்ல பாரமான விறகாப் பார்த்துப் போடுறன்."

"உங்கட விருப்பம்."

கேற்றில் மதாம் ஜினெத் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் காட்டியதுதானே?" என்று கேட்டார். "ஓம் மதாம்" என்றேன். பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை. கலியாணவீட்டுக்கு நல்ல விறகு பொறுக்கிக் கொடுத்த திருப்தியோடு லொறியில் ஏறினேன்.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை காலை, மைனஸ் இருபத்தைந்தில், மதாம் மிரெயின் தெருவில் மின்சாரம் நின்றுபோனது. முதல் இறக்கிய விறகு முடிந்து, அன்றுதான் அவர் என் விறகை மூட்டினார். பத்து மணிக்குக் கந்தோர் டெலிபோன் அடித்தது. மதாம் ஜினெத் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, மிக மெதுவாக, "லொறியில் ஏறு" என்றார்.

நாங்கள் போனபோது ஆறு குழந்தைகளும் பக்கத்து வீட்டுக்காரரின் வான் வண்டிக்குள் இருந்தார்கள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டின் கதவும் யன்னல்களும் அகலத் திறந்திருந்தன, அந்தக் குளிரில். உள்ளே புளித்த புகை. அடுப்பின் கண்ணாடி தார் பூசினமாதிரிக் கறுத்திருந்தது. நான் ஆசையாகப் பொறுக்கிய துண்டுகள் அடுப்புக்குள் எரியவில்லை, அவிந்துகொண்டிருந்தன. அவற்றின் அந்தங்களில் தண்ணீர் நுரைத்து வடிந்தது. மதாம் மிரெய் ஈரத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். என் கையில் இருந்த கையுறையைப் பார்த்தார்.

"நான் உனக்கு என்ன செய்தேன், அந்துவான்?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு முகம் கூசுகிறது.

மதாம் ஜினெத் அடுப்படியில் கிடந்த இரண்டு துண்டுகளை எடுத்துத் தட்டினார். வீட்டுக்குள் கிடந்து உறைவு இளகிய விறகு. தொப் என்றது. "எந்த அடுக்கு?" என்றார். "பின் அடுக்கு." "ஏன்?" "பாரமாக இருந்தது." அவருக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் மாமாவின் தராசு, கலியாணவீடு, கையுறை எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னேன். இரண்டு பெண்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"அந்தப் பாரம் முழுக்கத் தண்ணீர், அந்துவான்" என்றார் மதாம் ஜினெத். "இவரை நீ ஏமாற்றவில்லை, அது எனக்கு விளங்குகிறது. என்னிடம் பொய் சொன்னாய். இந்த விறகு இனி உன்னுடைய விறகு. வருகிற நவம்பரில் இதே விறகு இதே வீட்டுக்கு வரும். இவர் ஏற்றுக்கொண்டால் உனக்கு வேலை இருக்கும். ஏற்காவிட்டால் இருக்காது."

"நான் ஏற்கமாட்டேன்" என்றார் மதாம் மிரெய், உடனேயே.

அன்று மாலைக்குள் காய்ந்த விறகை இறக்கிவிட்டு, என் விறகை ஒவ்வொரு துண்டாகத் திருப்பி ஏற்றினேன். ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு தாய்மார் தங்கள் பிள்ளைகளை அந்தக் கார்டெரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு பேர் போனால் கார்டெரியைப் பூட்டவேண்டியதுதான் என்று வடிவேல் கேள்விப்பட்டு வந்து சொன்னான்.

யார்டில் அன்றிலிருந்து ஒரு மாற்றம். மற்றவர்களின் விறகை மதாம் ஜினெத் அடுக்கில் வைத்துத் தட்டுவார். நான் ஏற்றிய லொறியை மட்டும் கேற்றிலும் மறித்து, ஏறி நின்று, நடுவில் கைவிட்டு, எல்லாரும் பார்க்க இன்னொருமுறை தட்டுவார். டங் என்று கேட்ட பிறகுதான் திறப்பு சங்கிலிக்குப் போகும். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு லொறிக்கும். ஒரு வருடம் அந்தச் சத்தத்தைத் தலை குனிந்து கேட்டுக்கொண்டு நின்றேன்.

வேலையை விட்டுவிடலாமா என்று வீட்டில் கேட்டேன். என் மனைவி ஜெசிந்தா இரக்கம் காட்டுகிற ஆள் இல்லை. "விட்டிட்டு? பேந்தும் கோப்பை கழுவப் போறியளோ? விறகு தெரியும் விறகு தெரியும் எண்டு எனக்குப் பன்னிரண்டு வருசமாக் கதை சொன்னனீங்கள். இப்ப செய்து காட்டுங்கோ" என்றாள்.

மேப்பிளுக்கு இரண்டு வெயில்காலம் வேண்டும். என் கையில் இருந்தது ஒன்று. பனி கரைய முன்னமே தொடங்கினேன். மூன்று கொர்ட் விறகையும் வேலை முடிந்த பிறகு, ஒவ்வொரு துண்டாக மறுபடி பாதியாகப் பிளந்தேன். சிறிய துண்டு சீக்கிரம் காயும். யார்டிலேயே காற்று அடிக்கிற மேற்கு மூலையைக் கேட்டேன், தந்தார். ஒற்றை வரிசையாக, முதுகுக்குப் பின்னால் இன்னொரு வரிசை இல்லாமல் அடுக்கினேன்.

ஆனால் காய்கிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? மதாம் ஜினெத்தின் காது எனக்கு இல்லை. என் காது ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்த காது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நிறுக்கத் தெரியும். ஒரு சனிக்கிழமை யோசித்துக்கொண்டு சமையலறையில் இருந்தபோது, அலுமாரி மேல் ஜெசிந்தாவின் கேக் தராசு கண்ணில் பட்டது.

"இஞ்சேருங்கோ, என்ர தராசை எங்க கொண்டுபோறியள்?"

"விறகு நிறுக்க."

"ஐயோ, இந்த மனுசனுக்கு விசர் முத்திப்போச்சு. நத்தாருக்குக் கேக் போட முதல் அது திரும்பி வரவேணும், சொல்லிப்போட்டன்."

அடியில் இரண்டு, நடுவில் இரண்டு, உச்சியில் இரண்டு என்று ஆறு துண்டுகளைத் தெரிந்தெடுத்து, அந்தத்தில் நீலச் சோக்கால் அடையாளம் போட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் உருவி எடுத்து நிறுத்து, பாரத்தை அதன் மேலேயே எழுதி, திரும்பச் செருகுவேன். தண்ணீர் போகப் போகப் பாரம் இறங்கும். இனிப் போவதற்குத் தண்ணீர் இல்லை என்றால் பாரம் ஓர் இடத்தில் நின்றுவிடும். அன்றைக்கு விறகு காய்ந்தது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மாமாவின் தராசில் தட்டு இறங்கினால் சந்தோசப்பட்டவன், இப்போது முள் இறங்காமல் நிற்கவேண்டுமென்று மாதாவிடம் நேர்த்தி வைத்தேன்.

மே மாதம் நன்றாகப் போனது. ஜூனில் மழை பிடித்தது. ஜூலையிலும் விடவில்லை. ஒருநாள் பின்னேரம் காற்றோடு அடித்த மழையைக் கண்டு பயந்து, பழைய பழக்கம் கையை இழுக்க, படங்கை நிலம்வரை இறக்கிக் கட்டிவிட்டேன். மதாம் ஜினெத் பார்த்தார். இந்தமுறை உருவவில்லை. என் விறகு, என் பாடு என்று போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை நிறுத்தபோது ஆறு துண்டுகளும் பாரம் கூடியிருந்தன. படங்கைத் தூக்கினால் உள்ளே வேர்த்துக் கொட்டி, பட்டையில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. கொட்டும் மழையில் நின்று பக்கங்களைத் திறந்தேன். மழை பட்ட விறகு ஒரு நாள் காற்றில் காய்கிறது, மூடி வேர்த்த விறகு காய்வதேயில்லை என்பதை அன்றுதான் என் கண்ணாலேயே பார்த்து நம்பினேன்.

ஓகஸ்டில் முழு அடுக்கையும் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் அடியில் இருந்ததை உச்சியிலும் மாற்றி அடுக்கினேன். செப்டெம்பரில் வெயில் வந்தது. நல்ல வெயில், நல்ல காற்று. துண்டுகளின் அந்தத்தில் வெடிப்புகள் விரியத் தொடங்கின. பட்டை கையோடு கழன்றது. பாரம் ஒவ்வொரு கிழமையும் இறங்கியது. ஒக்டோபர் நடுவில் நாலு துண்டின் பாரம் நின்றுவிட்டது. அடியில் இருந்த இரண்டும் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன. அந்த இரண்டு கிழமையும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை ஆறும் நின்றன. நம்பிக்கையில்லாமல் இன்னொரு கிழமை பொறுத்து நிறுத்தேன். நின்ற இடத்திலேயே நின்றன. யார்டில் தனியாக நின்று கெக்கட்டம் விட்டுச் சிரித்தேன்.

மதாம் ஜினெத் வந்தார். சோக்கில் எழுதிய எண்களை மேலிருந்து கீழே வாசித்தார். தராசைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த காய்ந்த மாவைச் சுரண்டினார். பிறகு நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிளந்து, பிளந்த பக்கத்தைக் கன்னத்தில் வைத்தார். ஈரம் இருந்தால் கன்னத்தில் குளிரும். "நாளைக்கு ஏற்று" என்றார்.

மொன்ட்ரியால்-நோரில் மதாம் மிரெய் படலையைத் திறக்கவில்லை. "உன் விறகின் கறுப்பு என் சுவரில் இன்னும் இருக்கிறது" என்றார். நான் வாதாடவில்லை. "ஒரு கைப்பிடி விறகை உங்கள் முன்னால் எரித்துக் காட்டுகிறேன். புகைத்தால் அப்படியே திரும்பிப் போகிறேன்" என்றேன். லொறியில் இருந்த விறகை எட்டிப் பார்த்தார். திறந்தார்.

அடுப்புக்கு முன்னால் முழங்காலில் இருந்து மூட்டினேன். பின்னால் நாலு குழந்தைகள் தடுப்புக்கு அப்பால் வரிசையாக நின்று பார்த்தார்கள். பிடித்துக்கொண்டது. வெள்ளையாக, சத்தமில்லாமல் எரிந்தது. அரை மணித்தியாலம் கழித்தும் கண்ணாடி தெளிவாக இருந்தது. மதாம் மிரெய் ஒரு துண்டைக் கையில் தூக்கிப் பார்த்து, "இது அதே விறகுதானா?" என்றார்.

"அதே விறகு. தண்ணீர் மட்டும் இல்லை."

"இறக்கு. ஆனால் அரை மணித்தியாலம் எரிந்தது பெரிதில்லை, அந்துவான். குளிர்காலம் முழுக்க எரியவேண்டும்."

அந்த டிசம்பரில் உறைமழை பெய்தது. வானத்திலிருந்து தண்ணீராக விழுந்து, தொட்ட இடமெல்லாம் கண்ணாடியாக உறைகிற மழை. மரக்கொப்புகள் முறிந்து கம்பிகளின் மேல் விழுந்தன. நகரத்தின் பாதிக்கு மின்சாரம் இல்லை. மொன்ட்ரியால்-நோருக்கு இரண்டு நாளாக இல்லை. மதாம் மிரெயின் டெலிபோனும் வேலை செய்யவில்லை. இரண்டாம் நாள் காலை என்னால் இருக்க முடியவில்லை. "போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றேன். மதாம் ஜினெத் தானே ஓர் அடுக்கைத் தட்டி, கொஞ்ச விறகை லொறியில் போடச் சொன்னார். வடிவேல் ஆமைபோல ஓட்டினான்.

தெருமுனையில் திரும்பியதும் நான் முதலில் பார்த்தது அவரது புகைக்கூண்டைத்தான். புகை இல்லை.

"அண்ணன், அடுப்பு எரியயில்ல போல" என்றான் வடிவேல்.

மற்ற வீடுகளில் இரண்டு மூன்றிலிருந்து சாம்பல் புகை வந்துகொண்டிருந்தது. அவர் வீட்டில் ஒன்றுமில்லை. லொறி நிற்க முன் குதித்தேன். படியில் வழுக்கி விழுந்து முழங்கால் அடிபட்டது. எழும்பிப்போய்க் கதவைத் தட்டினேன்.

கதவு திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது.

முன்னறையில் ஆறு குழந்தைகள். எண்ணினேன், ஆறு. ஒன்றின் உடம்பிலும் குளிர்ச்சட்டை இல்லை. மெல்லிய சட்டையோடு தரையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் சுவரோரம் இருந்தார்கள். அடுப்பின் மேல் ஒரு பெரிய பானையில் பூசணிக்காய் சூப் கொதித்தது. அடுப்புக்குள் என் விறகு, தங்கம் மாதிரி. நான் வெளியே ஓடிவந்து திரும்பவும் புகைக்கூண்டைப் பார்த்தேன். உச்சியில் காற்று மட்டும் கானல்போல ஆடியது. நன்றாகக் காய்ந்த விறகுக்குப் புகை இல்லை. விறகுக்காரன் எனக்கு அது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

"ஏன் உள்ளேயும் வெளியேயும் ஓடுகிறாய்?" என்று மதாம் மிரெய் சிரித்தார். "போன வருடம் எடுத்துக்கொண்டு போன இரண்டு தாய்மாரும் நேற்றுப் பிள்ளைகளோடு வந்தார்கள். அவர்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டதாம். மின்சாரம் வந்தாலும் பிள்ளைகளை இங்கேயே விடப்போகிறார்களாம்." என் கையைப் பிடித்து, அந்தக் கையுறையைத் தட்டினார். "உன் விறகு நல்ல விறகு, அந்துவான்."

எனக்கு அழுகை வந்தது. வடிவேலுக்கு முன்னால் அழுதேன், வெட்கப்படவில்லை. சூப்பும் குடித்தேன், இரண்டு கோப்பை. கொண்டுபோன விறகைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பகிர்ந்து இறக்கிவிட்டு வந்தோம்.

நடந்ததையெல்லாம் யார்டில் வடிவேல்தான் சொன்னான், என்னைவிடச் சத்தமாக. மதாம் ஜினெத் கேட்டார். "புகை இல்லையா?" என்றார். "இல்லை" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கந்தோருக்குள் போய்விட்டார். ஒரு பாராட்டு இல்லை. எனக்கு உள்ளூர எரிச்சல்தான்.

பின்னேரம் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதிக்கு ஒரு லொறி அவசரமாகப் போகவேண்டியிருந்தது. அடுக்கைக் காட்ட அவர் வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டபோது, "அந்துவானுக்குத் தெரியும்" என்று மட்டும் பதில் வந்தது. நானே தெரிவுசெய்த அடுக்கிலிருந்து ஏற்றினேன். கேற்றடியில் வடிவேல் லொறியை வழமைபோல நிறுத்தினான். மதாம் ஜினெத் கந்தோரிலிருந்து இறங்கி வந்தார். நான் இறங்கிப் பக்கத்தில் நின்று, வழமைபோலத் தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். யார்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் லொறியைக் கடந்து நேராகக் கேற்றுக்குப் போனார். கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினார். திறப்பை என்னிடம் நீட்டினார்.

"திற" என்றார்.